ஜெராய் மலையடியில்: பீடோங் பயணக் குறிப்புகள்

வியாழன், இரவு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கும் கோலாலம்பூர்க்காரர்களை மாமா கிண்டல் பண்ணியே ஓய மாட்டார். அதனால் இன்று மதியமே இ.டி.எஸ். ஏறிவிட்டேன். சுங்கை பட்டாணியை விட்டால் அடுத்து குருணில்தான் ரயில் நிற்கிறது. நடுவில் இருக்கும் பீடோங்கை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாமா ஸ்டேஷனுக்கே மோட்டாரில் வந்திருந்தார். பையை மடியில் இடுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு வரும்போது இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர்க் காடு. இப்போது ஒரு தாமான் (வீட்டுக் குடியிருப்பு) முடிந்தால் இன்னொரு தாமான், நடுவே பெட்ரோல் நிலையம், டயர் கடை, மறுபடியும் தாமான். சுங்கை பட்டாணி வடக்கே வளர்ந்து வளர்ந்து பீடோங்கைத் தொட்டுவிட்டது. பீடோங் இன்னும் தோட்டத்து டவுன்தான்: ஒரு பெரிய தெரு, சீனர் கடை வரிசை, மளிகைக்கடை, பூக்கடை, சாயங்காலம் ஆனால் தெ தாரிக் குடிக்க வரும் பழைய தோட்டத்து ஆட்கள். ஆனால் வீட்டு விலை கேட்டால் நகரத்து விலை சொல்கிறார்கள்.

எதற்கு இந்தப் பயணம் என்று அத்தை கேட்டார். கெடாவின் பழைய துறைமுகமான கடாரத்தைப் பார்க்க என்றேன். "அதுக்கு பஸ்ஸு போட்டுல்ல வர்றாங்க, நீ தனியா வந்திருக்க?" என்றார். உண்மைதான். ராஜேந்திர சோழன் படம் போட்ட பேனரோடு கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பஸ் வருகிறது. பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியத்தில் ஒரு மணி நேரம், கோயில் முன்னால் ஒரு குழுப் படம், திரும்பும் வழியில் எங்கேயாவது பிரியாணி. இந்த மலையடியில் ராஜேந்திரனின் அந்த ஒரு படையெடுப்பைத் தவிர வேறு எதுவுமே நடக்காத மாதிரி. எனக்கு மற்றதெல்லாம் பார்க்க வேண்டும்.

வெள்ளி

காலையிலேயே கிளம்பியாக வேண்டும், மதியம் தொழுகை நேரத்தில் எல்லாம் மூடிவிடும். பீடோங்கிலிருந்து செமிலிங், அங்கிருந்து மெர்போக். வழி நெடுக வலது கைப் பக்கம் ஜெராய் மலை கூடவே வருகிறது. 1,217 மீட்டர். உலகக் கணக்கில் இது ஒரு உயரமே இல்லை, ஆனால் சுற்றிலும் தட்டையான வயலும் சதுப்பும் கடலும். நடுவில் இது மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே வரும் மாலுமிக்கு முதலில் கண்ணில் படுவது இந்த மலை. இங்கே ஒரு துறைமுகம் வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிக் காரணம் காற்று. ஒரு பருவக் காற்றில் வந்தவன் திரும்பிப் போக அடுத்த காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். சில மாதம் தங்க வேண்டும் என்றால் குடிக்கத் தண்ணீர், சாப்பாடு, கப்பலைப் பழுதுபார்க்க மரம், சரக்கைப் பூட்டிவைக்க இடம், கும்பிட ஒரு கோயில், எல்லாம் வேண்டும். மெர்போக் ஆற்று முகம் அந்தக் காலத்தில் அகன்ற குடாவாக உள்ளே வந்திருந்தது. அதன் கரையில்தான் இந்த ஊர்கள்.

இந்தத் துறைக்கு ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தமிழில் கடாரம், வடமொழியில் கடாஹம், அரபு வணிகர்களுக்குக் கலா. சீனத் துறவி இ-சிங் 671இல் காண்டனிலிருந்து புறப்பட்டு, சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் தங்கி, பிறகு இங்கே வந்து, இங்கிருந்து கப்பலேறி 673இல் வங்காளக் கரையில் தாம்ரலிப்தியில் போய் இறங்கியிருக்கிறார். நாலந்தாவுக்குப் படிக்கப் போன மாணவருக்கு இது கப்பல் மாறும் ஊர். அவருக்கும் முன்னால், ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி, புத்தகுப்தன் என்ற மாலுமி ஒரு கல்லில் தூபி வடிவம் செதுக்கி, பல்லவ எழுத்தில், பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். ரக்தமிருத்திகை என்ற ஊரின் மாநாவிகன், அதாவது பெரிய கப்பல் தலைவன். மூடா ஆற்றுக்குத் தெற்கே செபெராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைக் கண்டெடுத்தார். கல் இப்போது கல்கத்தா மியூசியத்தில். வண்டியில் வேலைக் கட்டி சூட்கேஸில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படும் நம் ஆட்களுக்கு இவனைச் சட்டென்று புரியும்.

மியூசியம் மலைச் சரிவில், மரங்களுக்கு நடுவே. பெரிய கட்டடம் இல்லை. உள்ளே மணிகள், சீனப் பீங்கான் ஓடு, மேற்காசியக் கண்ணாடித் துண்டு, சிலைகள். பெங்கலான் பூஜாங் என்ற ஊரில் கிடைத்த பீங்கான் ஓடுகள்முன் கொஞ்ச நேரம் நின்றேன். உடைந்த கிண்ணங்கள்தான், ஆனால் பதினோராம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டுவரை வந்துகொண்டே இருந்திருக்கின்றன. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வெளியே கொஞ்சம் ஏறினால் ஓடைக் கரையில் சண்டி புக்கிட் பத்து பாஹாட். இங்கே பழைய கோயில் எல்லாமே 'சண்டி'. 1936–37இல் குவாரிச் வேல்ஸ் என்பவரும் மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தோண்டி, இடங்களுக்கு எண் போட்டார்கள். இது எட்டாம் எண். 1959–60இல் அலஸ்டர் லாம்ப் கல்லை எடுத்து அடுக்கி மறுபடி நிறுத்தினார். பதினோராம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள்.

பார்க்க வேண்டியது தரையை. நம் கோயில் போலவே கருவறை ஒன்று, முன்னால் மண்டபம். கருங்கல் அடித்தளம், ஆனால் சுவருக்குமேல் கல் இல்லை. மண்டபத்தில் வரிசையாகத் தூண் நிற்கும் கற்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் குழி. குழிக்குள் என் கைமுட்டி இறங்கியது. அதில் மரத்தூணைச் செருகி, மேலே ஓலையோ மரமோ கூரை போட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் விமானம் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே மழைக்கு ஏற்ற கூரை. கோயிலுக்கு அடியில் புதைத்த கல் பேழைகளும் கிடைத்தன. உள்ளே செம்புக் குடம், பொன் தகடு. இங்கே வாழ்ந்தவன் இந்தியாவிலிருந்து வந்த முறையை எடுத்துக்கொண்டு, தன் மழைக்கும் தன் மரத்துக்கும் ஏற்ற மாதிரி கட்டியிருக்கிறான். இதைச் சோழர் கட்டியது என்று ஒரு வழிகாட்டி பக்கத்துக் குழுவுக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சோழர் கட்டியிருந்தால் இப்படியா இருக்கும்?

சரி, ராஜேந்திரனுக்கு வருவோம். கதை சண்டையில் ஆரம்பிக்கவில்லை, நட்பில் ஆரம்பித்தது. கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனான ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் ஒரு புத்த விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை ராஜராஜன் எழுதிக்கொடுத்தான், தன் 21ஆம் ஆட்சியாண்டில். நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற தகடுகளில் இது இருக்கிறது. இருபது வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, 1025இல் மகன் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பினான். காரணம் சீன வணிகம், கடல் வழிச் சுங்கம் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அவன் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு மெய்க்கீர்த்தியைப் படித்தால் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று பட்டியல் நீண்டு கடைசியில் கடாரம். கடாரத்து அரசனை யானையோடு பிடித்தான், குவிந்து கிடந்த செல்வத்தை வாரினான், தோரணத்தையும் மணிக் கதவையும் எடுத்தான். அவ்வளவுதான். ஆண்டான், வரி வாங்கினான், கோயில் கட்டினான் என்று ஒரு வரி கிடையாது. 1068 வாக்கில் வீரராஜேந்திரன் மறுபடி கடாரத்தை அடித்து, அடி பணிந்த அரசனிடமே திருப்பிக் கொடுத்தான் என்கிறது இன்னொரு மெய்க்கீர்த்தி. 1090இல் குலோத்துங்கன் காலத்துச் சின்ன லெய்டன் செப்பேட்டில் கடாரத்துத் தூதர்கள் வந்து அதே நாகப்பட்டினம் விகாரத்துக்கு வரி விலக்குக் கேட்கிறார்கள். பழையபடி உறவு!

இப்போது அந்தப் பீங்கான் ஓடு. சண்டைக்குப் பிறகும் முந்நூறு வருஷம் சரக்கு வந்துகொண்டே இருந்தது. படையெடுப்பு இந்தத் துறைமுகத்தைக் கொல்லவில்லை. கொன்றது சேறு. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் குடா தூர்ந்து, கடல் தள்ளிப் போனது. அதற்குள் மலாக்கா எழுந்துவிட்டது. கெடா அரசர்கள் இஸ்லாத்துக்கு மாறினார்கள் (மரபு வழிக் கதை 1136 என்கிறது), அரசு வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைப் பிடித்த பிறகு மிச்சம் மீதி வணிகமும் அங்கே போயிற்று. 1821இல் சயாம் படை வந்து இருபது வருஷம் கெடாவை நசுக்கியது. ஜனங்கள் பினாங்குக்கும் செபெராங் பிறைக்கும் ஓடினார்கள். சண்டிகளின்மேல் காடு ஏறியது.

மியூசியத்தை விட்டு வருமுன் ஒரு விஷயம். வளாகத்தில் இருக்கும் மற்ற சண்டிகள், பெண்டியாட், பெண்டாங் டாலாம் போன்றவை, இங்கே பிறந்தவை இல்லை. இருந்த இடத்திலிருந்து கல் கல்லாக, செங்கல் செங்கலாகக் கழற்றிக் கொண்டுவந்து அடுக்கியவை. பார்த்ததும் எனக்குத் தோட்டத்துக் கோயில்கள்தான் ஞாபகம் வந்தன. நிலம் கை மாறும், கோயிலை நகர்த்து என்பார்கள்.

சனி, காலை

சுங்கை பத்து. செமிலிங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையை ஒட்டிய தோட்டம் அது, செம்பனை நடுவே கொட்டகை போட்டு மூடிய குழிகள். 2009இலிருந்து பினாங்கு அறிவியல் பல்கலைக்கழக ஆட்கள் தோண்டுகிறார்கள். கிடைத்தது கோயில் மட்டும் இல்லை. செங்கல் படித்துறை, அதாவது ஜெட்டி, இப்போது கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில்! வட்டமான அடித்தளத்தின்மேல் சதுரமாகக் கட்டிய ஒரு செங்கல் மேடை. அப்புறம் இரும்பு உருக்கிய உலைகள்.

தேதி விஷயத்தில் அடிதடி உண்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கும் முன்னால் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், தலையாட்ட மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளிலேயே இங்கே பெரிய அளவில் இரும்பு உருக்கினார்கள் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். அதுவே போதும். ராஜேந்திரன் பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னால் இந்த மண்ணில் உலை எரிந்துகொண்டிருந்தது.

ஒரு துருத்திக் குழாயைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டார்கள். சுட்ட களிமண், என் முன்கை நீளம்கூட இல்லை, நடுவில் விரல் நுழையும் துளை. துருத்தியின் காற்று இது வழியாகத்தான் உலைக்குள் போகும். ஒரு முனை வெறும் செம்மண் நிறம். இன்னொரு முனை கறுத்து, கண்ணாடி மாதிரி உருகி, அதன்மேல் இரும்புக் கசடு வழிந்து உறைந்திருந்தது. உலைக்குள் இருந்த முனை அது. ஒவ்வொரு உருக்குக்கும் குழாய் பாழாகிவிடும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால்தான் இங்கே அது ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. தோட்டக்காரர்கள் பல காலம் இதைக் கல் என்று நினைத்து மிதித்துப் போயிருப்பார்கள். துளைக்குள் பார்த்தேன். உள்சுவரில் யாரோ ஒரு குச்சியைச் சுற்றிக் களிமண்ணைப் பிடித்த கோடு அப்படியே இருந்தது.

எனக்கு இந்தக் குழாய் செய்தவன்மேல்தான் ஆர்வம். அவன் எந்த மொழி பேசினான் என்று கல் எதுவும் சொல்லவில்லை. கப்பல்காரன் இங்கே வந்தது மலையின் அழகுக்காக இல்லை, இவன் இரும்புக்கும், காட்டிலிருந்து வந்த பொருளுக்கும்தான். ஆனால் இவன் படம் போட்டு யாரும் பேனர் அடிப்பதில்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பதினோராம் எண் சண்டி இருந்தது. இருந்தது. 2013 கடைசியில் செய்தி வந்தபோது நாடே கொதித்தது. வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்தவர்கள் புல்டோசரால் தள்ளிவிட்டார்கள். தனியார் நிலம், பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் வரவில்லை என்று பதில் வந்தது. 2005இலேயே தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்துவிட்ட நாடு இது.

அப்போது நம் ஆட்கள் முகநூலில் கொதித்த கொதிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழன் அடையாளத்தை அழிக்கிறார்கள் என்று. சரி, கோபம் நியாயம். ஆனால் அதே கடல் வழியின் அந்த முனையில் என்ன ஆனது? கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய விகாரத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை நின்றது. மாலுமிகளுக்கு அது கரை அடையாளம், இங்கே ஜெராய் மாதிரி. 1867இல் அரசு அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள், இயேசு சபைக்காரர்கள் கட்டடம் கட்ட. நாகப்பட்டினத்தில் இன்று அதன் ஒரு செங்கல்லைக்கூடக் காட்ட ஆள் இல்லை. இரண்டு முனையிலும் ஒரே கதைதான். நிலத்துக்கு வேறு உபயோகம் வந்தால் பழையது போய்விடும். இதில் இனம் ஒன்றும் இல்லை.

சனி, சாயங்காலம்

மத்தியானம் தூங்கி எழுந்து மாமாவோடு தோட்டத்துப் பக்கம் போனேன்.

1909இல் சயாம் கெடாவை ஆங்கிலேயனிடம் ஒப்படைத்தது. அதற்கு முன்பு தெற்குக் கெடாவில் சீனர்கள் மரவள்ளி போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்துக்கு மறுவருஷமே ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது, காட்டை வெட்டிக் கித்தா நட்டார்கள். 1915இல் பிறையிலிருந்து அலோர் ஸ்டார்வரை ரயில். சுங்கை பட்டாணி, பீடோங், குருண் எல்லாம் அந்த ரயிலும் ரப்பரும் சேர்ந்து வளர்த்த ஊர்கள். ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டாலும், கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தம், சாதி, பக்கத்து ஊர் என்று ஆள் பிடித்துக்கொண்டு வந்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்குமுன் ஜெரஜாக் தீவில் தொற்றுக் காவல். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இப்படித்தான் வந்தார்கள். மாமாவின் அப்பா, என் தாத்தா, அந்தக் கடைசி வருஷங்களில் வந்தவர். அதே நாகப்பட்டினம், அதே கடல், அதே மலை. அவருக்கு ராஜேந்திரன் யார் என்று தெரியாது. லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், எத்தனாம் நம்பர் வீடு என்பது தெரியும்.

ஆர்வர்ட் தோட்டம் பீடோங்கில் பெரியது. பல பிரிவுகள், ஆளுக்கொரு தமிழ்ப்பள்ளி. அங்கே படித்தவர்கள் எல்லோரும் "நான் ஆர்வர்டில் படித்தவன்" என்று கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். இந்த நகைச்சுவைக்கு வயது எவ்வளவு என்று தெரியவில்லை, இன்னும் வேலை செய்கிறது.

ஆனால் ஆர்வர்ட் பெயர் எனக்கு முக்கியமானது வேறு காரணத்துக்காக. யுத்தம் முடிந்த சமயம். அதற்குள் இந்த மக்கள் என்னவெல்லாம் பார்த்துவிட்டார்கள். 1941 டிசம்பரில் குருணில் சண்டை, ஆங்கிலேயப் படை இந்தச் சாலை வழியாகத்தான் தெற்கே ஓடியது. துரைமார்களும் ஓடினார்கள். 1943இல் ஜப்பான்காரன் கெடாவை மறுபடி சயாமுக்கே தூக்கிக் கொடுத்தான். தோட்டத்து ஆண்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். பல பத்தாயிரம் தமிழர்கள் போனார்கள், திரும்பியவர் குறைவு. இன்னொரு பக்கம் நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்து, நிமிர்ந்து நடக்கப் பழகியவர்கள். இவர்கள் 1945க்குப் பிறகு மறுபடி துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்கிச் சலாம் போடுவார்களா?

அப்படித்தான் தெற்குக் கெடாவில் தொண்டர் படை வந்தது. தலைவர் ஏ.எம். சாமி, ஆர்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்தவர். இளைஞர்கள் சீருடையில் அணிவகுத்தார்கள். முதல் எதிரி கள்ளுக்கடை. தோட்டத்துக் கள்ளுக்கடை நிர்வாகம் நடத்துவது. கொடுத்த சம்பளம் சாயங்காலமே அதே நிர்வாகத்திடம் திரும்பிப் போகும் ஏற்பாடு. 1947 தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை முன்னால் மறியல், போலீஸ் தலையிட்டது, தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து இந்தப் பக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தம், கைது, சிறை. கூலிமில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு.

பீடோங் தெருவில் நடந்தது இது. பீடோங்கில் இதற்கு ஒரு பலகை கிடையாது. நம் சங்கங்கள் கடாரத்துக்கு பஸ் விடும்போது இந்தத் தெரு வழியாகத்தான் போகின்றன, டிரைவர் கோப்பி குடிக்க நிறுத்துவதோடு சரி. தொண்டர் படை எல்லாவற்றிலும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன், குடித்தவனை அடித்துத் திருத்துவதும் அதில் இருந்தது. இருந்தாலும் தமிழர்கள் கெடாவில் உண்மையிலேயே எதையாவது வென்றார்கள் என்றால் அது இந்தப் பயத்தை.

மாமாவுக்கு அந்தக் காலம் நேரில் தெரியாது, அவர் சுதந்திரத்தை ஒட்டிப் பிறந்தவர். அவருக்குத் தெரிந்தது 1969. சிவப்பு ஐ.சி.காரர்களுக்கு, அதாவது குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு, வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோது லயத்தில் பாதி வீடு காலியானதாம். இங்கேயே பிறக்காத பெரியவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். "எங்க சித்தப்பா போனாருடா. கப்பல் ஏத்திவிட பினாங்குக்கு எல்லாரும் போனோம். திரும்ப வந்துடுவேன்னாரு."

பக்கத்திலேயே இன்னொரு கதையும் நடந்தது. யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளி தெருவில் நின்றபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா நாணயம்) கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய முதல் தோட்டம் இதே கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். மாமா தோட்டத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. எண்பதுகளில் கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டார்கள், பிறகு நிலமே கை மாறியது. லயத்தைக் காலி பண்ணக் கொடுத்த தொகையைப் பற்றிக் கேட்டால் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

வேலி ஓரத்தில் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் கொஞ்சம் இருந்தன. கத்தி கேட்டு வாங்கி வந்து வெட்டிக் காட்டினார். முதலில் பழைய கோட்டில் காய்ந்திருந்த பாலை நூல் மாதிரி உரித்துச் சுருட்டிப் பையில் போட்டார். "ஒட்டுப்பால். இதுக்கும் கணக்கு உண்டு, தூக்கிப் போடாத." பிறகு இடது பக்கம் உயரத்தில் கத்தியை வைத்து வலது பக்கம் சரிவாக இழுத்தார், நின்று நின்று இல்லை, காலை நகர்த்திக்கொண்டே ஒரே இழுப்பில். பட்டைக்குள் பால் குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன, அதனால்தான் இந்தத் திசை. திசை மாற்றி வெட்டினால் குறைவான குழாய்தான் அறுபடும். விழுந்த சீவல் நகத்தின் கனம்கூட இல்லை. கட்டையில் கத்தி பட்டால் மரத்தில் காயம், அங்கே முண்டு கட்டி அடுத்த பட்டை கெட்டுவிடும், கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, கணக்கில் எழுதிவிடுவார். வெள்ளைக் கோடு அரும்பி, சரிந்து, தகரத்தின் வழியே சொட்டியது. பால் பிடிக்கும் மங்கு இல்லை, நான் தண்ணீர் பாட்டில் மூடியைப் பிடித்தேன்.

சாயங்காலம் ஆகிவிட்டதால் பால் சரியாக இறங்கவில்லை. "இதெல்லாம் விடியக்காலைல வெட்டணும், வெயில் ஏறினா நின்னுடும். நாலரைக்குப் பெரட்டு. பேர் கூப்பிடும்போது நிக்கலைன்னா அன்னிக்குச் சம்பளம் போச்சு. கொழந்தைய ஆயக்கொட்டாயில போட்டுட்டு உங்க அத்தை இருட்டுல மண்டையில லைட்டு கட்டிக்கிட்டு ஓடுவா. மழை வந்தா அதுவும் போச்சு." கத்தியைச் சட்டையில் துடைத்தார். எத்தனை மரம் ஒரு நாளைக்கு என்று கேட்டேன். "மரத்தையா எண்ணுவாங்க? பாலத்தான் நிறுப்பாங்க."

ஞாயிறு

ஊர் வேலைக்குப் போய்விட்டது. சுங்கை பட்டாணியில் மணிக்கூண்டைப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழா நினைவாக 1936இல் வைத்தது, பணம் கொடுத்தவர் லிம் லீன் தெங் என்ற சீனத் தோட்ட முதலாளி. ரப்பர் பணம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் நடுரோட்டில் நிற்கிறது. படம் எடுத்துவிட்டு நகர்ந்தேன், அதற்குமேல் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் கோத்தா கோலா மூடா. வழியில் சுங்கை மாஸ் கம்பம், அதாவது கிராமம். இது பெங்கலான் பூஜாங்குக்கு மூத்தது, ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதுவரை கப்பல் நின்ற ஊர் என்கிறார்கள். இன்று வீடும் தோப்பும் வயலும்தான். தென்னை மரத்தடியில் ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமி தூக்கி எறிந்த மீன்பிடிப் படகுகளை அடுக்கி நினைவிடம் செய்திருக்கிறார்கள். கெடாவில் இறந்தவர்கள் ஒரு டஜனை ஒட்டி. சுமத்ரா குறுக்கே படுத்திருப்பதால் இங்கே வேகம் குறைந்தது. அதே காலை, அதே அலை, கடலின் மறு கரையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேரை வாங்கியது. படகுகளில் பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள், நல்ல நீலமும் மஞ்சளும். பக்கத்தில் மீன் சந்தை. மீனவர்கள் ஏலம் விடும்போது காதோடு காதாக விலை பேசுவது இங்கே வழக்கம். கிசுகிசுச் சந்தை என்றே இதற்குப் பெயர். அத்தைக்கு ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கினேன், காதில் சொல்லாமல் சத்தமாகவே விலை சொன்னார்கள்.

புக்கிட் சோராஸ் பார்க்க நேரம் இல்லை. யான் மாவட்டத்தில், ஜெராயின் அந்தப் பக்கம். 2023இல் அங்கே ஆளுயரச் சுதைப் புத்தர் சிலைகள் கிடைத்தன, தியானத்தில் உட்கார்ந்த நிலையில். இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்ததிலேயே முழுமையானது அது என்று தோண்டியவர்கள் சொல்கிறார்கள். வயல் நடுவே ஒரு சின்னக் குன்று, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. சுங்கை பட்டாணியில் கார் வாடகைக்கு எடுத்தால் மலையைச் சுற்றி ஒரே நாளில் மெர்போக்கையும் அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். போகும்போது பீடோங் தெருவில் வண்டியை நிறுத்தி, பெரியவர் யாராவது இருந்தால் கள்ளுக்கடை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மாமா ஒரு இடம் சொன்னார், பக்கத்துக் கடைக்காரர் எதிர்ப் பக்கம் என்றார், இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.